டெல்லி கணேஷ் படங்கள் பாக்குறேன்

10 நவம்பர் 2024, ஞாயிறு

டெல்லி கணேஷ் சார் நேத்து ராத்திரி தவறிட்டாராம். 80 வயசு, ராமாபுரம் வீட்லயே. காலைலேர்ந்து மனசே சரியில்ல. எல்லா சேனல்லயும் மைக்கேல் மதன காமராஜன் மீன் சாம்பார் சீன்தான் ஓடுது, ஓடட்டும், அருமையான சீன்தான், ஆனா 400 படத்துக்கு மேல பண்ணவர ஒரே ஒரு சாம்பார் அண்டாவுக்குள்ள அடக்கிட்டாங்களேன்னு வருத்தமா இருக்கு. இந்த மாசம் ராத்திரி அவர் படமாவே பாக்கப் போறேன்.

11 நவம்பர், திங்கள்

ஏர்ஃபோர்ஸ்காரங்க வந்து மரியாதை செஞ்சாங்க. அம்மா "இவருக்கு எதுக்கு மிலிட்டரிக்காரங்க"ன்னு கேட்டாங்க. 1964லேர்ந்து 74 வரைக்கும் விமானப்படைல இருந்தவரும்மா, வல்லநாட்டுக்காரர், டெல்லில தட்சிண பாரத நாடக சபால நாடகம் போட்டு, அப்புறம் இங்க காத்தாடி ராமமூர்த்தி ட்ரூப்ல சேர்ந்து, பாலசந்தர் 1977ல பட்டினப்பிரவேசம் எடுக்குறப்போ சினிமாவுக்குக் கூட்டிட்டு வந்து பேருக்கு முன்னாடி டெல்லியையும் சேத்து விட்டாருன்னு சொன்னேன். அம்மா ரொம்ப நேரம் டிவியவே பாத்துட்டு இருந்தாங்க.

16 நவம்பர், சனி

நாயகன். எத்தனையோ தடவ பாத்தது, இன்னைக்கு வேலுவா வர்ற கமல விட்டுட்டு, டெல்லி கணேஷ் பண்ண ஐயரை மட்டும் பாத்தேன். வேலுவுக்கு ஹிந்தி வராது, அவர் பேசுறத ஐயர்தான் எதிர்ல இருக்கவங்களுக்கு ஹிந்தில சொல்லணும். வேலு பேசிட்டு இருக்கும்போதே இவர் முகத்துல அடுத்து வரப்போற ஹிந்தி வாக்கியம் ஓட ஆரம்பிச்சிடுது, கூடவே இத இப்படியே சொன்னா என்ன ஆகுமோங்கிற பயமும். வசனமே இல்லாத இடத்துல இவ்ளோ வேலை! கூட நடிக்கிறவர் பேசுறத நெஜமா காதுல வாங்குற நடிகர் எத்தன பேர் இருக்காங்க சொல்லுங்க? ஹீரோவோட கம்பீரத்துல பாதி எதிர்ல நிக்கிறவர் கண்ணுலதான் தெரியுது, அந்தப் பாதிக்கு யாரும் கட் அவுட் வைக்கிறதில்ல.

17 நவம்பர், ஞாயிறு

அபூர்வ சகோதரர்கள். நாலு வில்லன்ல ஒருத்தர், 1989. அடுத்த வருஷமே மைக்கேல் மதன காமராஜன்ல பாலக்காட்டு சமையல்காரர் மணி ஐயர். அதே ஆள்தானான்னு இருக்கு.

23 நவம்பர், சனி

பசி. இது வரைக்கும் நான் பாக்காத படம். மெட்ராஸ் குடிசைப் பகுதில ரிக்‌ஷா ஓட்டுற அப்பா, ஷோபாவுக்கு அப்பா. படம் வந்தது 1979ல, அப்போ இவருக்கு வயசு 35தான்! கல்யாண வயசுல பொண்ணு இருக்கிற மனுஷனா வந்து நிக்கிறார், ஒரு இடத்துல கூட வேஷம்னு தோணல, பூணூலும் குடுமியுமா நமக்குப் பழகின முகமே இல்ல இது. ஷோபாவுக்கு தேசிய விருது, இவருக்கு தமிழ்நாடு அரசோட சிறப்புப் பரிசு கெடச்சது. இப்படி ஒரு ரிக்‌ஷாக்காரரப் பாத்த பிறகும் நம்ம சினிமா ஏன் இவரை திரும்பத் திரும்ப ஐயராவே கூப்பிட்டுச்சுன்னு எனக்கு ஆத்தாமையா இருக்கு. கெடச்சத எல்லாம் ஒழுங்கா பண்ணார், சீரியல், கடைசிக் காலத்துல சின்னப் பசங்க எடுத்த குறும்படம் வரைக்கும்.

நாளைக்கு சிந்து பைரவி, அதுல மிருதங்க வித்வான். தம்பிய வரச் சொல்லிருக்கேன், அவன் மிருதங்கம் கத்துக்கிட்டவன், கை சரியாப் போகுதான்னு அவன்தான் பாத்து சொல்லணும்.