பெரியப்பான்ர வாயில போட்ட தையல் நூல்

பெரியப்பாக்கு வாயில புண் ஆறாமக் கிடந்து, சின்னத் துண்டொண்டு வெட்டிப் பரிசோதனைக்கு அனுப்பிப்போட்டுத் தையல் போட்டவை. "நூல் வெட்ட வரத் தேவையில்லை ஐயா, தானாக் கரைஞ்சு போயிடும்" எண்டு டொக்டர் சொன்னார். என்னெண்டு கரையுது எண்டு தேடப்போய்த்தான் பிஎல்ஜிஏ எண்ட பொலிமர் எனக்குத் தெரிய வந்தது. லக்டிக் அமிலமும் கிளைக்கோலிக் அமிலமும் கோர்த்த சங்கிலி, கரையிற நூல் கனக்க அந்த இனம்தான், உடம்புத் தண்ணி பட்டுப்பட்டு அறுந்துபோகும். அதையே 100, 200 நானோமீற்றர் உருண்டையாச் செய்து உள்ளுக்க மருந்தை அடைக்கினமாம், புற்றுநோய்க்கு!

அது லைட் அடிச்சுப் புற்றைக் கொல்லுற வைத்தியத்துக்கான மருந்து. சும்மா இருட்டில கிடந்தா பெரிசா ஒண்டும் செய்யாது, சிவப்பு லைட் அடிச்சா பக்கத்தில இருக்கிற ஒக்சிசனை உசுப்பிவிடும், உசும்பின ஒக்சிசன் கலத்தைக் கொல்லும், ஆனா ஒரு கலத்தின்ர அகலம்கூடப் போகமாட்டுது, அதுக்குள்ள அடங்கியிடும். அப்ப லைட் பட்ட இடத்தில மட்டும்தான் அடி. சிவப்பு லைட் சதைக்குள்ள ஒரு சென்டிமீற்றர் போனாலே பெரிய விஷயம், அதாலதான் தோல், தொண்டைக்குழாய், வாய் மாதிரி இடங்களுக்குப் பொருந்துது. வெத்திலையும் புகையிலையும் போடுற எங்கட ஊரில வாய்ப் புற்று எத்தினை வீட்டில!

குறையும் இருக்கு. 1995 இல அமெரிக்காவில அனுமதிச்ச ஃபோட்டோஃப்ரின் எண்ட இந்த இன மருந்து ஊசி போட்டா குறைஞ்சது 30 நாள் வெயில் படக்கூடாது, தோலிலயும் மருந்து நிக்கும். சித்திரை வெயிலில தோட்டத்துக்கு இறைக்கிற மனிசன் ஒரு மாதம் என்னெண்டு உள்ளுக்கு இருக்கிறது? மற்றது, இந்த இன மருந்துகள் கனக்க தண்ணியில கரையாது, கூழுக்கு ஒடியல் மாவை அப்பிடியே கொட்டினா கட்டி படுற மாதிரி ஒண்டோடொண்டு ஒட்டிக்கொள்ளும், ஒட்டினது லைட் அடிச்சாலும் வேலை செய்யாது. பொலிமர் உருண்டைக்குள்ள சரியான அளவில வைச்சா கட்டி படாம, தோலுக்கும் குறைவாப் போய், புற்றுக்கட்டிக்குக் கூடுதலாப் போய்ச் சேரும் எண்டதுதான் யோசினை.

புற்றுக்கட்டியில இரத்தக்குழாய் ஓட்டையா இருக்கு, அதுக்குள்ளால புரதம் மாதிரிப் பெரிய மூலக்கூறுகள் நுழையும் எண்டு ஜப்பான் ஆராய்ச்சியாளர் மட்சுமுராவும் மயேடாவும் 1986 இலயே எழுதிட்டினம், உருண்டையும் அப்பிடி நுழையும் எண்டதுதான் நம்பிக்கை. எலியில அது நல்லா நடக்குது, மனிசரில அந்தளவுக்கு இல்லை, ஆளுக்காள் வேற. இதை வாசிச்ச அண்டிரவு எனக்கு நித்திரை வரேல்லை.

பெரியப்பாக்குப் புற்றெண்டுதான் வந்தது, கதிர்ச் சிகிச்சைதான் குடுத்தவை, புண் மாறிட்டுது, ஆனா எச்சில் ஊறுறேல்லை. ஒவ்வொரு வாய் சோத்துக்கும் ஒரு முடறு தண்ணி குடிச்சுத்தான் விழுங்கிறார்.