வயரா, வயர்லெஸ்ஸா?

கடலூர் மஞ்சக்குப்பத்தில் வீடு கட்டுகிறோம், அடுத்த வாரம் பூச்சு வேலை, அதற்குள் இந்த ஸ்மார்ட் ஹோம் சமாசாரத்தை வயரில் செய்வதா வயர்லெஸ்ஸிலா என்று முடிவெடுத்தாக வேண்டும். கேஎன்எக்ஸ் மாதிரி வயர் என்றால் கரண்ட் வயர் போக, சுவிட்சுகள் தகவல் அனுப்பிக்கொள்ளும் பஸ் கேபிளையும் இப்போதே இழுக்கணும், பூசிய பிறகு சுவரைத்தான் உடைக்கணும். உறுதியானதுதான், செலவுதான் கட்டுப்படியாகவில்லை. சரி, வயர்லெஸ் முறையான ஜிக்பீ போதும் என்று முடிவு செய்துவிட்டேன்.

ஆனால் எல்லா சுவிட்ச் பெட்டிக்கும் நியூட்ரல் வேண்டும் என்று பிடிவாதமாக நின்றேன். "சுவிட்சுக்கு எதுக்கு தம்பி நியூட்ரல்?" என்றார் எலக்ட்ரீஷியன். "லைட் அணைஞ்சிருந்தாலும் அந்த ஸ்மார்ட் சுவிட்சுக்குக் கரண்ட் வேணும்ணே" என்றதும் கறுப்பு வயர்ச் சுருளைப் பிரித்தார். கேட் கேமராவுக்கு மட்டும் லேன் கேபிள். 2011-இல் ‘தானே’ புயலைப் பார்த்த ஊர் இது, நெட் இல்லாவிட்டாலும் கையால் தட்டினால் விளக்கு எரியணும்.

கடலூரில் ஜிக்பீ போட்டவர்கள் இருந்தால் சொல்லுங்கள், கான்கிரீட் தளம் தாண்டி மாடிக்கு சிக்னல் ஒழுங்காக வருகிறதா?