ஷெப்பர்டுக்குக் காய்ச்சல் என்றால் சிறுநீரையும் பாருங்கள்

பெங்களூரில் நாய்க்குக் காய்ச்சல் என்றால் கால்நடை மருத்துவர்களான எங்களுக்கு முதலில் உண்ணிக் காய்ச்சல்தான் நினைவுக்கு வரும். உண்ணி பரப்பும் எர்லிகியா என்ற பாக்டீரியாவாக இருந்தால், டாக்ஸிசைக்ளின் என்ற ஆன்டிபயாட்டிக் கொடுத்த இரண்டு மூன்று நாளில் பெரும்பாலும் நாய் சாப்பாட்டுத் தட்டைத் தேடி வந்துவிடும்.

அல்சூரிலிருந்து வந்த அந்த ஜெர்மன் ஷெப்பர்டுக்கு அப்படி நடக்கவில்லை. நாலு வயதுப் பெண் நாய். 104 டிகிரி காய்ச்சல், விட்டுவிட்டு வந்தது. "படி ஏற மாட்டேங்குது டாக்டர், முதுகைத் தொட்டாலே கத்துது" என்றார் அதை வளர்க்கும் அம்மா. வேறொரு கிளினிக்கில் வலிக்கென்று ஸ்டீராய்டு போட்டிருந்தார்கள். அது எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கும் மருந்து. அதற்குப் பிறகு நாய் இன்னும் சோர்ந்துவிட்டது. ஸ்டெதாஸ்கோப்பை வைத்தால் இதயத்தில் முணுமுணுப்பு, அதாவது துடிப்போடு சேர்ந்து வரும் இரைச்சல். முந்தைய மாதம் தடுப்பூசி போட்டபோது அது இல்லை.

காய்ச்சலோடு புதிதாக முணுமுணுப்பு வந்தால் இதய வால்வில் தொற்று இருக்குமோ என்று சந்தேகப்பட வேண்டும். அதற்கு அநேகமாக பாக்டீரியாதான் காரணம். ஆனால் ரத்தத்தில் கிருமி வளர்கிறதா என்று பார்க்கும் கல்ச்சர் சோதனையில் ஒன்றும் வளரவில்லை. ஷெப்பர்ட், அதிலும் பெண், கூடவே முதுகெலும்பு வலி. இந்த மூன்றும் சேர்ந்தால் உடம்பெல்லாம் பரவும் ஆஸ்பெர்ஜில்லஸ் பூஞ்சையை நினைக்காமல் இருக்க முடியாது. அது முதுகெலும்பின் தட்டுகளிலும் சிறுநீரகத்திலும் கண்ணிலும் போய் உட்காரும், சில நாய்களுக்கு இதய வால்விலும்.

சிறுநீரைச் சுழற்றி, அடியில் தங்கியதில் ஒரு சொட்டை ஸ்லைடில் வைத்துப் பார்த்தேன். வெள்ளை அணுக்களுக்கு நடுவே, குறுக்குச் சுவர்களோடு கிளை பிரிந்த மெல்லிய இழைகள். பூஞ்சையேதான். எக்கோவில் (இதய ஸ்கேனில்), இதயத்திலிருந்து ரத்தம் வெளியேறும் அயோர்டிக் வால்வின் ஓரத்தில் ஒரு கட்டி, ஒவ்வொரு துடிப்புக்கும் ஆடியது. அதிலிருந்து ஒரு துணுக்கு பிய்ந்து போனாலும் கால், சிறுநீரகம், மூளை என்று எங்கே வேண்டுமானாலும் ரத்தக்குழாயை அடைத்துவிடும்.

சிறுநீர்க் கல்ச்சரில் வளர்ந்தது ஆஸ்பெர்ஜில்லஸ் டெரியஸ் என்ற வகை. இதற்கு ஆம்ஃபோடெரிசின் என்ற பூஞ்சை மருந்து இயல்பிலேயே சரியாக வேலை செய்யாது. வோரிகோனசோல் என்ற இன்னொரு பூஞ்சை மருந்தை ஆரம்பித்தோம். விலை அதிகம், கல்லீரலையும் கண்காணிக்க வேண்டும். கட்டிக்குள் மருந்து இறங்குவதும் கஷ்டம். இதயத்துக்குப் போய்விட்டால் பிழைப்பது அபூர்வம் என்பதை முதல் நாளே அந்த அம்மாவிடம் சொல்லிவிட்டேன். சில நாள் நன்றாகச் சாப்பிட்டது. அப்புறம் பின்னங்கால்கள் சில்லிட்டுப் போய், அன்று இரவே இறந்துவிட்டது.

"தோட்டத்து மண்ணைக் கிளறிக்கிட்டே இருக்கும், அதனாலயா டாக்டர்?" என்று கேட்டார். இந்தப் பூஞ்சையின் வித்துகள் மண்ணிலும் காற்றிலும் எங்கும் இருக்கின்றன, எல்லா நாய்களும் அவற்றைச் சுவாசிக்கின்றன, இந்த இனத்தில் சில நாய்களின் எதிர்ப்புச் சக்தியால்தான் தாங்க முடிவதில்லை என்று கருதுகிறோம் என்றேன். நாய்க்கு நாய் ஒட்டாது, அதனால் வீட்டிலிருக்கும் இன்னொன்றைத் தனியாகக் கட்டிப்போட வேண்டாம் என்றும் சொன்னேன்.

என்னோடு வேலை பார்க்கும் இளம் மருத்துவர்களிடம் நான் வற்புறுத்துவது ஒன்றுதான். காய்ச்சலும் முதுகுவலியுமாக ஒரு ஷெப்பர்ட் வந்தால் முதல் நாளே சிறுநீரை மைக்ராஸ்கோப்பில் பாருங்கள். அதைப் பார்க்கும்வரை ஸ்டீராய்டைத் தொடாதீர்கள்.