மேலே 420, பக்கவாட்டில் 35: எஸ்பிஎஸ் பவளத் தொட்டிக்கு வெளிச்சம் சரிசெய்த அனுபவம்

என் கடல்நீர்த் தொட்டியில் கிரீன் ஸ்லிமர் என்ற பச்சை அக்ரோபோரா ஒன்று இருக்கிறது; எஸ்பிஎஸ், அதாவது சின்னப் பாலிப் கொண்ட கல் பவளங்களில் ஒன்று. அதன் அடிக்கிளைகளில் மறுபடி சதை பிடிக்கத் தொடங்கிவிட்டது. வெறும் வெள்ளை எலும்பாக நின்ற பகுதியில், உயிருள்ள விளிம்பிலிருந்து மெல்லிய பச்சைப் படலம் கீழ்நோக்கி இறங்கி வருகிறது. லென்ஸ் வைத்துப் பார்த்தால் குட்டிக் குட்டிப் பாலிப்களும் தெரிகின்றன. நுனி வளர்வதை எல்லோரும் படம் பிடித்துப் போடுவார்கள். எனக்கு இந்த அடிப்பகுதிதான் பெருமை. அது படுத்திய பாடு அப்படி.

நுனிகளில் ஒரு குறையும் இருந்ததில்லை. வாரத்துக்கு வாரம் வெளிர் வளர்நுனி நீண்டுகொண்டுதான் போனது. கிளைகளின் கீழ்ப்பக்கமும், தண்டு பாறையோடு ஒட்டும் இடமும் மட்டும் மெதுவாக வெளுத்து, சதை கழன்றுகொண்டே வந்தன. வழக்கமான குற்றவாளிகளை வரிசையாக விசாரித்தாயிற்று. அல்கலினிட்டி (தண்ணீரின் காரத்தன்மை; டிகேஎச் அதன் அலகு) 8.2 டிகேஎச்சில் ஆடாமல் நிற்கிறது. கால்சியம் 430, மெக்னீசியம் 1350, நைட்ரேட் 8, பாஸ்பேட் 0.06. பூச்சி நீக்கும் கரைசலில் முக்கி (டிப்) உதறியதில் தட்டைப்புழு ஒன்றுகூட விழவில்லை, கடித்த தடமும் இல்லை. பம்புகளைத் திருப்பி வைத்து நீரோட்டத்தையும் மாற்றிப் பார்த்தேன். கேட்ட இடத்தில் சிலர் "வெளிச்சம் போதவில்லை, ஏற்று" என்றார்கள். வேறு சிலர் "வெளிச்சம் அதிகம், இறக்கு" என்றார்கள். இரு தரப்பும் பார்த்தது ஒரே படத்தை. கடைசியில் இரு தரப்பும் சொன்னது சரிதான் என்பதுதான் வேடிக்கை.

தொட்டி 120 × 60 × 50 சென்டிமீட்டர். அதன் மேல் இரண்டு எல்இடி விளக்குகள், தண்ணீர் மட்டத்திலிருந்து 25 சென்டிமீட்டர் உயரத்தில். என்ன கம்பெனி என்பது இங்கே முக்கியமில்லை. ஒரு சின்ன வட்டத்துக்குள் எல்லா டயோடுகளையும் நெருக்கி அடுக்கி, மேலே லென்ஸ் மூடிய எந்த விளக்கும் கிட்டத்தட்ட இப்படித்தான் நடந்துகொள்ளும்.

அக்ரோபோராவுக்கு 250 முதல் 400 பார் (PAR, ஒளிச்சேர்க்கைக்குப் பயன்படும் வெளிச்சத்தின் அளவு), மான்டிபோராவுக்கு 150-க்கு மேல், பெரிய பாலிப் கொண்ட எல்பிஎஸ் வகைகளுக்கு 100-ஐச் சுற்றி என்று எல்லோரிடமும் ஒரு பட்டியல் மனப்பாடமாக இருக்கிறது. பட்டியலில் தப்பில்லை. அந்த எண் எந்த இடத்தில், எந்தத் திசையைப் பார்த்த சென்சாரில் எடுத்தது என்பதை மட்டும் யாரும் சொல்வதில்லை. பார் மீட்டர் கைக்கு வந்த பிறகுதான் எனக்கே அது உறைத்தது.

மீட்டரைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், வேலை முழுக்க அதில்தான் இருக்கிறது. செல்போன் ஆப்பையும் லக்ஸ் மீட்டரையும் இதற்கு நம்ப வேண்டாம். லக்ஸ் என்பது மனிதக் கண்ணுக்காகச் செய்த கணக்கு; 555 நானோமீட்டர் பச்சையைச் சுற்றித்தான் அதற்கு உற்சாகம். 450 நானோமீட்டர் ராயல் ப்ளூ கொட்டுகிற நம் தொட்டியில் அது காட்டும் எண்ணை வைத்து ஒன்றும் செய்ய முடியாது. நான் இரவல் வாங்கியது அப்போஜி எம்கியூ-510. பழைய எம்கியூ-200 வைத்திருப்பவர்கள் கவனிக்க: அது நீல எல்இடியைக் குறைத்துக் காட்டும். போதாததற்கு, தண்ணீருக்குள் எடுத்த எண்ணை 1.08-ஆல் பெருக்கிக்கொள்ளவும் வேண்டும். 510-க்கு அந்தத் தொல்லை இல்லை, தண்ணீருக்கான 1.32 திருத்தத்தைத் தானே போட்டுக்கொள்ளும். இரண்டு மீட்டரில் எடுத்த எண்களை அப்படியே ஒப்பிட்டுச் சண்டை போடுகிறவர்களைப் பார்த்தால் சிரிப்புத்தான் வருகிறது.

சென்சாரைக் கையில் பிடித்து அளக்கவே கூடாது. நம் முழங்கை நிழலே 50 பாரைத் தின்றுவிடும். ஒரு நீளமான பிளாஸ்டிக் கம்பியின் முனையில் கட்டி, தொட்டிக்கு வெளியே தள்ளி நின்று இறக்கினேன். அடுத்த தலைவலி மட்டம். சென்சாரின் முகம் கொஞ்சம் சாய்ந்தாலும் எண் தாவும். அப்புறம் மேற்பரப்பு அலை. பம்ப் ஓடும்போது எண் 340, 460, 390 என்று குதித்துக்கொண்டே இருக்கும், நிறுத்தினால் நிற்கும். ஆனால் பவளம் வாழ்வது பம்ப் ஓடும் தண்ணீரில். அதனால் பம்பை ஓட விட்டு, ஒவ்வொரு இடத்திலும் அரை நிமிடம் பார்த்துச் சராசரி எடுத்தேன். அளக்கும் முன் விளக்கின் லென்ஸில் படிந்த உப்பையும் ஆர்ஓ தண்ணீரில் துடைத்துவிட வேண்டும்.

எல்இடி 80 சதவீதத்தில், 20 சென்டிமீட்டர் ஆழத்தில் கிடைத்தவை இவை. விளக்குக்கு நேர் கீழே 420. இரண்டு விளக்குகளுக்கும் நடுவே 190. பின் மூலையில் 90. அதாவது ஒரே தொட்டி, ஒரே ஆழம், நாலரை மடங்கு வித்தியாசம். இதுவாவது எதிர்பார்த்ததுதான். அதற்குப் பிறகு சும்மா ஒரு ஆர்வத்தில் சென்சாரைச் செங்குத்தாகத் திருப்பி, ஸ்லிமரின் பக்கவாட்டில், கிளைகள் பார்க்கும் திசையைப் பார்த்து வைத்தேன்.

35.

மேலே 420 வாங்கும் அதே பவளத்தின் இடுப்புக்கு 35. குறைந்த வெளிச்சத்தில் சமாளிக்கும் லெதர் கோரல்கூட முணுமுணுக்கும் வெளிச்சம் அது. தலையில் வெயில், காலடியில் இருட்டு என்று குடை பிடித்த மாதிரி அது தன் மேல்கிளைகளாலேயே தன்னை மூடிக்கொண்டு நின்றிருக்கிறது. ஃப்ராக்காக, அதாவது வெட்டி நட்ட சிறு துண்டாக இருக்கும்போது இந்தப் பிரச்சினை தலைகாட்டாததற்கும் இதுதான் காரணம். சுண்டுவிரல் நீளக் குச்சிக்கு நிழல் ஏது? கை முஷ்டி அளவு காலனியாக ஆனதும் ஆட்டம் மாறுகிறது. "என் விளக்கில் அக்ரோபோரா பிரமாதமாக வளர்கிறது" என்று ஃப்ராக் ரேக்கைக் காட்டுகிறவர்களிடம் நான் இப்போதெல்லாம் கேட்பது ஒன்றுதான்: பெரிய காலனியைத் தூக்கி அடிப்பக்கத்தைக் காட்டுங்கள்.

கடலில் என்ன நடக்கிறது என்று யோசித்தால் விஷயம் தெளிவாகும். சூரியன் ஒரே இடத்தில் நிற்பதில்லை. காலையில் கிழக்குப் பக்கக் கிளைகளுக்கு, மாலையில் மேற்குப் பக்கத்துக்கு என்று எல்லோருக்கும் முறை வருகிறது. வானம் முழுவதும் சிதறிய ஒளி தனியாக, வெள்ளை மணலில் பட்டுத் திரும்பி வருவது தனியாக. நம் விளக்கோ காலை முதல் இரவு வரை ஒரே புள்ளியில் நின்று ஒரே நிழலை விழவைக்கிறது. அந்தக் காலத்தில் மெட்டல் ஹாலைடு விளக்கைத் தண்டவாளத்தில் ஏற்றி, மோட்டார் வைத்து முன்னும் பின்னும் நகர்த்தினார்கள். பைத்தியக்காரத்தனம் என்று நினைத்திருந்தேன். இல்லை, அவர்களுக்குத் தெரிந்துதான் செய்திருக்கிறார்கள்.

சரி, எல்இடியை 100 சதவீதத்துக்கு ஏற்றியிருக்கலாமே? பக்கவாட்டில் 35 என்பது 45 ஆகியிருக்கும், தலையில் 520 எரிந்திருக்கும். ஒரு அளவுக்கு மேல், பவளத்துக்குள் வாழும் சூசாந்தெல்லா பாசியால் ஒளியைச் சாப்பாடாக மாற்ற முடியாது. மிச்சத்தை வெப்பமாக வெளியேற்றும். அதையும் மிஞ்சினால் ஆக்சிஜன் நச்சு சேர்ந்து வெளுப்பில் முடியும். ஏற்கனவே 420-ல் நுனிகள் லேசாகச் சோகையாகத்தான் இருந்தன. "அதிகம்" என்றவர்கள் நுனியைப் பார்த்தார்கள், "போதவில்லை" என்றவர்கள் அடியைப் பார்த்தார்கள்.

விளக்கை உயர்த்திப் பார்த்தேன். பரவல் கொஞ்சம் கூடியது. ஆனால் வெளிச்சத்தில் பாதி தொட்டியைத் தாண்டி என் சட்டையில் விழுந்தது. டிஃப்யூசர் தகடு பரவாயில்லை, மேலே இருந்த பளபள நிறச் சிதறலை நன்றாக அடக்கியது, அடிக்கு அது போதவில்லை. ஒளி கிளம்பும் பரப்பே பெரிதாக வேண்டும் என்பது அப்போது புரிந்தது. தொட்டியின் முழு நீளத்துக்கும் வெளிச்சம் கிளம்புகிற பழைய ஆசாமி ஒருவர்தான்: டி5 எனும் மெல்லிய குழல் விளக்கு.

நான்கு 54 வாட் குழல்கள், எல்இடிக்கு இரு பக்கமும் இரண்டிரண்டாக. மூன்று ப்ளூ பிளஸ் (நீலம்), ஒன்று கோரல் பிளஸ் (வெள்ளை கலந்தது). ஒவ்வொரு குழலுக்கும் தனித்தனி ரிஃப்ளெக்டர் இல்லாத ஃபிட்டிங்கை வாங்கவே வாங்காதீர்கள், பாதி ஒளி தகர மூடிக்கே போய்விடும். புதுக் குழலை 100 மணி நேரம் எரியவிட்ட பிறகுதான் அளந்தேன், தினமும் போட்டவுடன் அளக்காமல் சூடேறும் வரை காத்திருந்தேன்.

எல்இடியை 80-லிருந்து 45 சதவீதத்துக்கு இறக்கி, டி5-ஐச் சேர்த்து அளந்தால் நேர் கீழே 380, நடுவில் 255, பின் மூலையில் 150. பக்கவாட்டில் 90. மேலே குறைந்திருக்கிறது, மற்ற எல்லா இடத்திலும் ஏறியிருக்கிறது. உச்ச எண்ணை மட்டும் பார்த்து விளக்கு வாங்குகிறவர்களுக்கு இது தரம் இறங்கியதாகத்தான் தெரியும்.

ஒரே நாளில் இதைச் செய்துவிடவில்லை. டி5 முதலில் நண்பகலில் ஒரு மணி நேரம் மட்டும், பிறகு வாரத்துக்கு ஒரு மணி நேரம் கூட்டி, இப்போது ஆறு மணி நேரம். எல்இடி ஏற்ற இறக்கத்தோடு பத்து மணி நேரம். மொத்தக் கணக்கும் பார்க்க வேண்டும்: 300 பாரில் 9 மணி நேரம் என்றால் சதுர மீட்டருக்கு நாளொன்றுக்கு 9.7 மோல். எண் ஏறியதும் நேரத்தையும் நீட்டிக்கொண்டே போனால் பவளத்துக்கு ஓய்வே இருக்காது.

இனி பக்க விளைவுகள். அல்கலினிட்டி நுகர்வு நாளுக்கு 1.2 டிகேஎச்சிலிருந்து 1.8-க்குத் தாவியது. இதை எதிர்பார்த்து டோசிங்கை (குறைவதை ஈடுகட்டச் சேர்க்கும் கரைசலை) தயாராக வைத்திருந்தேன். வைக்காதவர்கள் விளக்கை மாற்றிய அடுத்த வாரமே நுனி கருகி, பழியை விளக்கின் மேல் போடுவார்கள். பாஸ்பேட் 0.02-க்குச் சரிந்தது. வெளிச்சத்தைக் கூட்டிவிட்டுச் சத்தைப் பட்டினி போட்டால் அக்ரோபோரா வெளுக்கும் என்பதால் மீன்களுக்குத் தீனியைக் கூட்டினேன். மீன்களுக்குக் கொண்டாட்டம். சூடுதான் கொஞ்சம் தொல்லை, மேலே சின்ன விசிறி ஒன்று ஓடுகிறது, அதனால் ஆவியாவதை ஈடுகட்டும் டாப்-அப் தண்ணீரும் கூடுதலாக இழுக்கிறது.

எனக்கே ஆச்சரியம் தந்தது நிறம். வெறும் நீல எல்இடியில் எல்லாப் பவளமும் ஒளிர்ந்துகொண்டிருக்கும்; அது ஃப்ளூரசன்ஸ் வேடிக்கை, அழகுதான். ஆனால் ஒளிராத நிறமிகள், அதாவது ஊதாவும் ஆழ்ந்த நீலமும், வெள்ளை கலந்த ஒளியில்தான் வெளியே தெரியும். என் டெனுயிஸ் (இன்னொரு அக்ரோபோரா) பழுப்பு என்று முடிவு கட்டியிருந்தேன். அதன் ஓரத்தில் ஊதா இருந்திருக்கிறது.

இந்த இடத்தில் விற்பவர்கள் மீது ஒரு புலம்பல். முழு நீலத்தில் படம் எடுத்து, அதற்கு மேல் எடிட்டும் செய்து, வானவில் மாதிரிக் காட்டி விற்கிறார்கள். பெட்டியைப் பிரித்தால் பழுப்புக் குச்சி. "எந்தப் பாரில் வைத்திருந்தீர்கள்?" என்று கடைசியாக வாங்கிய ஒருவரிடம் கேட்டேன். "400 இருக்கும்" என்றார். அளந்தீர்களா என்றதற்குப் பதில் இல்லை. அதனால் யார் என்ன சொன்னாலும் புது ஃப்ராக் என் தொட்டியில் 120 பாரில்தான் தொடங்கும், பிறகு படிப்படியாக மேலே ஏறும். வளர்ப்புத் துண்டுகளை மட்டும் விற்கிற, சாதாரண வெள்ளை ஒளியிலும் ஒரு படம் போடுகிற ஆளைக் கண்டுபிடித்தால் விட்டுவிடாதீர்கள்.

மெட்டல் ஹாலைடு காலத்திலேயே சஞ்சய் ஜோஷி பல்பு பல்பாக அளந்து எழுதிவைத்தவர். அந்த மாதிரி அளந்து பார்க்கும் பழக்கம் எல்இடி வந்ததும் குறைந்துபோய், ஆப்பில் சதவீதத்தைச் சொல்லிக்கொள்வதோடு நின்றுவிட்டது. என் 45 சதவீதமும் உங்கள் 45 சதவீதமும் ஒன்றல்ல.

இந்த ஏற்பாடு எவ்வளவு நாள் ஓடும் என்பதுதான் இப்போதைய கவலை. டி5 குழலைப் பத்து, பன்னிரண்டு மாதத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். பாதரசத்துக்கான மினமாட்டா உடன்படிக்கையின் 2023 மாநாட்டில், பொது வெளிச்சத்துக்கான நீளக் குழல் விளக்குகளின் தயாரிப்பை 2027-க்குள் நிறுத்துவதாக முடிவெடுத்தார்கள். மீன் தொட்டிக் குழல்கள் உடனே மறையாவிட்டாலும், சந்தை சுருங்கும்போது விலையும் இருப்பும் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை. அதனால் அடுத்த திட்டம் டி5 இடத்தில் நான்கு நீள எல்இடி பட்டைகள். இரண்டை முன்பதிவு செய்தாயிற்று. முன்பக்க ஜோடியை மட்டும் முதலில் மாற்றி, பக்கவாட்டில் அந்த 90 அப்படியே நிற்கிறதா என்று பார்க்க வேண்டும். 70-க்குக் கீழே போனால் பழைய குழல்கள் திரும்பவும் ஏறும்.

பின் மூலையின் 150-ல் இப்போதைக்கு மான்டிபோரா டிஜிடேட்டா உட்கார்ந்திருக்கிறது. செரியாடோபோரா ஒன்று வேண்டும் என்று ரொம்ப நாள் ஆசை. அதன் மெல்லிய நெருக்கமான கிளைகளுக்குள் சென்சார் நுழையுமா என்பதே சந்தேகம். இரவல் மீட்டரை வேறு அடுத்த வாரம் திருப்பிக் கொடுக்க வேண்டும். எல்இடி பட்டைகள் அதற்குள் வந்து சேர்ந்தால் புது எண்களோடு எழுதுகிறேன்.