முகத்துவாரத்தில் மூன்று பேருக்காக

ஆடி அமாவாசை என்றால் யாழ்ப்பாணத்தார் கீரிமலைக்குப் போவார்கள். மட்டக்களப்பார் மாமாங்கத்துக்கு. கொழும்பில் கிடக்கும் எங்களுக்கு முகத்துவாரக் கரைதான். களனி கங்கை கடலில் விழுவது அதன் பக்கத்தில். சிவனொளிபாதமலைக் காட்டில் பிறந்து வரும் ஆறு, ஆகவே கீரிமலைக்கு இது ஒன்றும் குறைந்ததில்லை என்று எங்கள் கணக்கர் ஐயா வருஷா வருஷம் வாதாடுவார். இந்த முறை வாதாட அவர் இல்லை.

வெள்ளவத்தையில் ஒரு தொடர்மாடியின் கீழ்த்தளத்தில் வெள்ளிக்கிழமை பின்னேரங்களில் தேவாரம் பாடும் சின்னக் கூட்டம் எங்களுடையது. சங்கம் இல்லை, பதிவு இல்லை, ஆகவே தலைவர் செயலாளர் சண்டையும் இல்லை. இருபது பேருக்கு மேல் ஒருநாளும் சேர்ந்ததில்லை. அதில் மூன்று பேர் போன ஆடிக்கும் இந்த ஆடிக்கும் இடையில் போய்விட்டார்கள். கணக்கர் ஐயா, ரீச்சரம்மா, ஓட்டோ அண்ணை.

மூவருக்கும் செய்ய வேண்டியவர்கள் செய்ய வேண்டியதைச் செய்துவிட்டார்கள். ஐயாவின் அந்தியேட்டி பதுளையில் நடந்தது. ரீச்சரம்மா கல்யாணம் கட்டாதவர். 31ஆம் நாள் கிரியையைத் தம்பியின் மகன் ரொறொன்ரோவில் செய்தான். ஓட்டோ அண்ணையைக் கனத்தை மயானத்தில் தகனம் செய்தார்கள். மலர்ச்சாலையில் வரிசையில் நின்று கும்பிட்டுவிட்டு வந்ததோடு எங்கள் பங்கு முடிந்தது. ஆனால் வெள்ளிக்கிழமை வந்தால் மூன்று கதிரை வெறுமையாகக் கிடக்கிறதே, அதற்கு யார் கிரியை செய்வது? இரத்த உறவு இல்லாத நாங்கள் தண்ணீர் இறைக்கலாமா என்று தெரிந்த குருக்கள் ஒருவரிடம் கேட்டோம்.

"தாராளமாக" என்றார். குரு, சிநேகிதர், உதவி செய்தவர் எல்லாரும் காருண்ய பிதிர்கள். அவர்களை நினைத்தும் தர்ப்பணம் கொடுக்கலாம். அதோடு, தர்ப்பணம் முடிகிற இடத்தில் ஒரு மந்திரம் வருவதையும் சொன்னார். தாயோ தகப்பனோ உறவோ யாருமே இல்லாதவர்கள் எவரோ, அவர்கள் எல்லாரும் நான் தர்ப்பையோடு விடும் இந்த நீரால் திருப்தி அடையட்டும் என்பது அதன் பொருள். அப்பா போனதிலிருந்து ஒவ்வோர் ஆடியிலும் அதை நான் சொல்லிக்கொண்டுதான் இருந்திருக்கிறேன், பொருள் தெரியாமல்.

விடியப்பறம் வான் பிடித்துப் போனோம். ஆடியில் தென்மேற்குப் பருவக் காற்று அடிப்பதால் கொழும்புக் கடல் முரடாக இருக்கும். முழுகுகிறேன் என்று யாரும் இறங்கிவிடாதீர்கள். காலை நனைத்து, தலையில் தெளித்துக்கொண்டால் போதும். கரையில் சனம் நிறைந்திருந்தது. ஐயர்மார் வரிசையாக இருந்து எள், தர்ப்பை, பச்சை அரிசி, வாழைக்காய், பூசணித் துண்டு என்று பரப்பி வைத்திருந்தார்கள். எங்களுக்குக் கிடைத்த ஐயர் அவசரக்காரர். ஆனால் மூவரையும் நாங்கள் கூப்பிடுகிற பெயரிலேயே சொன்னபோது நின்று, "இவர்கள் உங்களுக்கு என்ன முறை?" என்று கேட்டார். "வெள்ளிக்கிழமைக்காரர்" என்றார் எங்களில் ஒருவர். ஐயர் சிரித்துவிட்டார். அதற்குப் பிறகு மந்திரத்தை நிறுத்தி நிதானமாகச் சொன்னார்.

அங்கிருந்து கொச்சிக்கடை பொன்னம்பலவாணேஸ்வரர் கோயில். கொழும்பில் எத்தனையோ கோயில்கள் இருந்தாலும் உள்ளே கால் வைத்ததும் வெளிச் சத்தம் அறுந்துபோவது இங்கேதான். சேர் பொன்னம்பலம் இராமநாதனின் தகப்பனார் பொன்னம்பல முதலியார் 19ஆம் நூற்றாண்டின் நடுவில் கட்டிய கோயில். அதை 1907 முதல் 1912 வரை இராமநாதன் முழுவதும் கருங்கல்லில் எடுத்துக் கட்டினார். தகப்பன் வைத்த கோயிலை மகன் கல்லாக்கிய இடம். தகப்பனுக்கு விரதம் பிடிக்கும் நாளில் வேறு எங்கே போவது? தூண்களிலும் தரையிலும் எண்ணெய் ஊறிய குளிர்ச்சி. வெளியே வெயில் ஏறியிருந்தும் மண்டபத்துக்குள் விளக்கு வெளிச்சத்தில்தான் ஆளை ஆள் பார்த்தோம்.

மோட்ச அர்ச்சனைச் சீட்டு எடுக்கும் இடத்தில் ஒரு சிக்கல். கணக்கர் ஐயாவின் முழுப் பெயர் யாருக்கும் தெரியவில்லை. செட்டியார் தெருவில் ஒரு நகைக்கடையில் கணக்கெழுதியதால் கணக்கர் ஐயா, அவ்வளவுதான். பதுளைப் பக்கத் தோட்டத்திலிருந்து பொடியனாக வந்தவர். ஆடிவேல் ரதம் செட்டியார் தெருவிலிருந்து பம்பலப்பிட்டிக்கு வரும்போது முழுத் தூரமும் வெறுங்காலோடு பின்னால் நடப்பவர். எங்கள் தாளம் அவர் கையில்தான் இருக்கும். சுருதியை எட்டுக்கட்டைக்கு ஏற்றிவிட்டு, மற்றவர்கள் திணறுவதைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டுவார். இவ்வளவும் தெரியும், பெயர் தெரியாது!

காப்பாற்றியது ரீச்சரம்மாவின் கொப்பி. 1995இல் வலிகாமம் மொத்தமாக இடம்பெயர்ந்தபோது ஒரு சூட்கேசோடு வெளிக்கிட்டு, வன்னி சுற்றிக் கொழும்பு வந்து சேர்ந்தவர் அவர். கூட்டத்தில் ஒவ்வொருவருடைய பெயர், நட்சத்திரம், தாய் தகப்பன் திதி எல்லாவற்றையும் சிவப்பு மட்டைக் கொப்பி ஒன்றில் எழுதி வைத்திருந்தார். பிறந்த நட்சத்திரத்தன்று யாருக்கும் சொல்லாமல் அர்ச்சனை செய்து, பின்னேரம் திருநீற்றை மடித்துக் கொண்டுவந்து கையில் வைப்பார். ஏன் என்று கேட்டால், "சும்மா வந்தனான், அப்படியே செய்தனான்" என்பார். கொப்பியில் ஐயாவின் பெயர் இருந்தது. ஓட்டோ அண்ணையுடையதும் இருந்தது. ரீச்சரம்மாவுக்கு மட்டும் ஒரு வரியும் இல்லை. கோத்திரமும் தெரியாதே என்று இழுத்தோம். "சிவகோத்திரம் என்று போடுங்கோ" என்றார் சீட்டு எழுதியவர், தலை நிமிராமலே.

வசந்த மண்டபத்து ஓரத்தில் இருந்து திருத்தொண்டத்தொகை பாடினோம். தனி அடியார்களோடு நிறுத்தாமல் ஒன்பது தொகையடியார்களையும் சுந்தரர் சேர்த்தாரே, அதனால்தான் எனக்கு அந்தப் பதிகத்தில் ஒரு பட்சம். ஊர் பேர் தெரியாமல் திருவடி சேர்ந்தவர்களுக்கும் அதில் இடம் இருக்கிறது. தாளம் இல்லாமல் பாட்டு கொஞ்சம் தடுமாறியது, சரி.

அப்புறம் நடக்கிற தூரத்தில் உள்ள அந்தோனியார் கோயில். இதைப் படித்துச் சிலர் முகம் சுளிக்கலாம். ஓட்டோ அண்ணை நல்ல சைவம், ஆனால் செவ்வாய்க்கிழமை தவறாமல் அந்தோனியாருக்கு மெழுகுதிரி கொளுத்துவார். செவ்வாயில் இங்கே வந்து பார்த்தவர்களுக்குத் தெரியும், வருகிறவர்கள் எல்லாரும் வேதக்காரர், அதாவது கிறிஸ்தவர், அல்ல. 2019 ஏப்ரல் 21, உயிர்த்த ஞாயிறு பூசையில் குண்டு வெடித்தது இந்தக் கோயிலில்தான். அன்று இறந்தவர்களின் பெயர்களைக் கல்லில் பொறித்து வைத்திருக்கிறார்கள். ஒரு பெயரைத் தடவிக்கொண்டு வயதான அம்மா ஒருவர் நின்றார். நாங்கள் அண்ணைக்காக ஒரு திரி கொளுத்திவிட்டுப் பேசாமல் வெளியே வந்தோம். கால் ஏலாத எங்களை மழையிலும் ஏற்றி இறக்கியவர். கட்டணம் கேட்டால், "பாட்டுக்குச் சரியாப் போச்சு" என்பார். மாரடைப்பு, ஐம்பது வயதுகூட ஆகவில்லை.

மத்தியானம் தொடர்மாடியில் படையல். ஆடி அமாவாசைக்குக் காத்தோட்டங்காய் என்ற கசப்புக் காய் இல்லாமல் யாழ்ப்பாணத்து இலை நிறையாது. வெள்ளவத்தைச் சந்தையில் அன்று அதற்குத் தங்க விலை, வாங்கித்தான் தீர வேண்டும். காகத்துக்கு வைத்துவிட்டுச் சாப்பிட்டோம். பிறகு ரொறொன்ரோவிலிருந்து வந்திருந்த ரீச்சரம்மாவின் கல்வெட்டை, அதாவது நினைவு மலரை, ஒருவர் வாசித்தார். வழவழப்புக் கடதாசியில் அட்டைப்படம், திதி வெண்பா, சிவபுராணம், வாழ்க்கை வரலாறு எல்லாம் முறையாக இருந்தன. "சாந்த சொரூபி" என்ற இடம் வந்ததும் அறையே சிரித்தது. சாந்தமா? உச்சரிப்புப் பிழைத்தால் பதிகத்தைப் பாதியில் நிறுத்தி, "ளகரம் எங்கே போச்சு?" என்று எல்லார் முன்னாலும் கேட்பவர் அல்லவா! அறுபது வயதில் அவரிடம் குட்டு வாங்கிய கதையை ஒருவர் சொன்னார். கடன் கொடுத்துவிட்டுத் திருப்பிக் கேட்காத கதையை இன்னொருவர். அந்த ஒரு பந்தி வரலாற்றைத் திருத்தி முடிக்க நாலு மணியாகிவிட்டது. கல்வெட்டின் ஓரத்திலேயே பென்சிலால் எழுதினோம். அதைப் படமெடுத்துத் தம்பியின் மகனுக்கு அனுப்பினால், "மாமி இப்படியா?" என்று உடனே பதில் போட்டான்.

கொப்பி இப்போது என்னிடம் இருக்கிறது. மூவருடைய திதிகளையும் எழுதிவிட்டேன். ரீச்சரம்மாவின் நட்சத்திரத்தைக் கேட்டு ஊருக்கு ஆள் விட்டிருக்கிறோம். முதலில் வருவது ஐப்பசியில் கணக்கர் ஐயாவின் ஆட்டைத் திவசம். மகன் பதுளையிலிருந்து வருகிறாராம். தாளத்தை அவரிடம் கொடுத்துவிட வேண்டும் என்கிறார்கள் பாதிப்பேர். அது கூட்டத்துச் சொத்து, யாராவது தட்டப் பழகட்டும் என்கிறார்கள் மற்றவர்கள். வருகிற வெள்ளிக்கிழமை பேசி முடிவெடுக்க வேண்டும்.