ஒன்பதாவது தகடு

ஜெர்மனியில் புதைபடிவங்களைச் சுத்தம் செய்யும் ஒரு கூடத்தில் வேலைக்குச் சேர்ந்த முதல் வருடமே என் மேஜைக்கு ஒரு கடல் முதலை வந்தது. ஸ்டுட்கார்ட்டுக்குத் தென்கிழக்கே ஹோல்ட்ஸ்மாடன் ஊர்ப்பக்கம் கிடைக்கும் கறுப்புப் பலகைக்கல்லில் பதிந்த எலும்புக்கூடு, 18 கோடி வருடத்துக்கும் மேல் பழையது. மக்ரோஸ்பாண்டிலஸ் என்று பெயர். 2020 வரைக்கும் ஸ்டெனியோசாரஸ் என்றுதான் பலரும் சொன்னார்கள், எங்கள் பழைய பெட்டிகளில் இன்னும் அந்தப் பெயர்தான் இருக்கிறது. கங்கையில் இருக்கும் கரியால் முதலையைப் பார்த்தவர்களுக்கு முகம் உடனே பிடிபடும்: ஒடுங்கி நீண்ட மூக்கு, ஊசி ஊசியாகப் பற்கள்.

அந்தக் கடலடியில் ஆக்ஸிஜன் ரொம்பக் குறைவு. பிணத்தைத் தின்னவோ இழுத்துக் கலைக்கவோ அங்கே அநேகமாக எதுவும் உயிரோடு இல்லை, அதனால்தான் எலும்புகள் வரிசை மாறாமல் கிடக்கின்றன. ஆனால் மேலே படிந்த சேற்றின் பாரத்தில் எல்லாம் தட்டையாகிவிட்டது. எலும்பும் கருமை, கல்லும் கருமை. விளக்கைப் பக்கவாட்டில் வைத்து, எலும்பின் மினுமினுப்பைப் பார்த்துப் பார்த்துத்தான் கையை நகர்த்த வேண்டும். காற்றழுத்த உளியால் மேல்கல்லை எடுத்து, எலும்பை நெருங்கியதும் இரும்புத் தூளைக் காற்றோடு பீச்சுவோம். அது கல்லை அரிக்கும், எலும்பை அவ்வளவாகத் தொடாது. நாள் முழுக்க உட்கார்ந்தால் உள்ளங்கை அகலம் முடியும்.

இந்த முதலைக்கு முதுகில் இரண்டு வரிசைக் கவசத் தகடுகள். ஒவ்வொன்றிலும் மழைத்துளி விழுந்த மணல் மாதிரி குழிகள். இடது வரிசையின் ஒன்பதாவது தகட்டில், சாயங்காலம் கை களைத்த நேரத்தில், எனக்கு உளி வழுக்கியது. அரை விரல் நீளத்துக்கு மேற்பரப்பு பெயர்ந்து தூளாகி, நாலு குழிகள் போயின.

பிசின் வைத்து, குழி போட்டு, சாயம் பூசினால் வெறும் கண்ணுக்குத் தெரியாது. பிசினைக் கலக்கவே ஆரம்பித்துவிட்டேன்.

அப்போதுதான் அதற்கு முந்தின மாதம் துடைக்க வந்த பழைய பலகை ஞாபகம் வந்தது. வால் நுனிவரை ஒரு எலும்பு குறையாத முதலை. விளக்கையெல்லாம் அணைத்துவிட்டுப் புற ஊதா விளக்கைப் பிடித்தால் உடம்பு ஒரு நிறம், வாலின் பின்பாதி வேறு நிறம். யாரோ எப்போதோ சாந்து வைத்துச் செதுக்கிச் சாயம் பூசியது. கை தேர்ந்தவர் செய்த வேலைதான், ஆனால் எலும்பு எங்கே முடிகிறது என்று ஒரு வரி எழுதி வைக்கவில்லை. அந்த வாலை நம்பி யாராவது முதலையின் நீளத்தை அளந்திருந்தால் கணக்கு மொத்தமும் தப்பு. அதை நினைத்தால் இன்றைக்கும் மனசு ஆறவில்லை.

சரி என்று பிசினைத் துடைத்துப் போட்டுவிட்டு மூத்தவரிடம் போய்ச் சொன்னேன். அவர் திட்டவில்லை. லென்ஸில் ரொம்ப நேரம் பார்த்தார், அப்புறம் பதிவுத் தாளை எடுத்து வரச் சொன்னார். தேதி, தகட்டின் எண், காயத்தின் நீளம், எந்தக் கருவி என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன், புகைப்படமும் சேர்த்து வைத்தோம். பத்தாவது தகட்டை நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று சொல்லி, உளிக்குப் போகும் காற்றை அவரே மூடினார்.