மிலிட்டரிக்காரர் பட்டறை

ஐ.டி.ஐ.யில் டீசல் மெக்கானிக் முடித்த கையோடு 1990-ல் நான் வேலைக்குச் சேர்ந்தது வேலூருக்கு வெளியே ஒரு புளியமரத்தடி லாரிப் பட்டறையில். போர்டில் ஏதோ சாமி பேர் இருந்தது. எந்த டிரைவரும் அதைச் சொல்லிக் கேட்டதில்லை. 'மிலிட்டரிக்காரர் பட்டறை' என்றால்தான் தெரியும். வாரம் 60 ரூபாய் சம்பளம், மதியச் சாப்பாடு அவர் வீட்டில்.

அவருக்கு ஊர் கம்மவான்பேட்டை பக்கம். அந்த ஊரை ராணுவப்பேட்டை என்றே சொல்வார்கள், பட்டாளத்துக்கு ஆள் அனுப்பாத வீட்டைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். 1962 சீனச் சண்டைக்கு அப்புறம் ராணுவத்துக்கு மளமளவென்று ஆள் எடுத்தபோது போனவர் இவர். செகந்திராபாத்தில் பயிற்சி முடித்து, இ.எம்.இ. பிரிவில் வண்டி மெக்கானிக் ஆனார். படையில் டாங்கி நின்றாலும் தண்ணீர் லாரி நின்றாலும் ஓட வைக்க வேண்டியது அந்தப் பிரிவின் பொறுப்பு.

செப்டம்பர் 1965-ல் பஞ்சாபில் கேம்கரண் பக்கம் இருந்தார். அசல் உத்தர் சண்டை நடந்த இடம். கால்வாயை உடைத்து நம்மவர்கள் வயலில் தண்ணீரைப் பாய்ச்சிவிட, பாகிஸ்தானின் 'பாட்டன்' ரக டாங்கிகள் சேற்றில் திணறின. கரும்புக் கொல்லைக்குள் மறைந்திருந்த நம் டாங்கிகள் அவற்றை அடித்தன. 97 டாங்கி என்று கணக்குச் சொல்வார்கள். அவரிடம் கேட்டால் சண்டை வராது, சேறுதான் வரும். "நாப்பத்தஞ்சு டன் இரும்புடா. சேறு லேசுல விடுமா? செயின் போட்டு இழுத்தா இழுக்கிற வண்டியும் சேந்து எறங்குது" என்பார்.

ஒரு குடியரசு தினத்துக்குப் பள்ளிக்கூடத்தில் கூப்பிட்டிருந்தார்கள். எத்தனை பேரைச் சுட்டீங்க தாத்தா என்று ஒரு பையன் கேட்டான். "ஒருத்தரையும் இல்ல. வண்டிதான் நெறைய கிளப்பினேன்" என்றார். பையன்களின் முகம் தொங்கிப்போனது. 1971 சண்டைக்காக வாங்கிய பூர்வி ஸ்டார் மெடலை அவர் போட்டுவைத்திருந்ததும் ஒரு பிஸ்கட் டின்னில்தான், செப்பு வாஷர்களோடு.

அந்த யுத்தம் என்னிடம் வந்து சேர்ந்தது ஒரு ராத்திரியில். வெல்லம் ஏற்றிய லாரி ஒன்று டீசல் தீர்ந்து நின்று, கேன் கொண்டுவந்து ஊற்றியும் கிளம்பவில்லை. டீசல் குழாயில் காற்று புகுந்து ஏர் பிடித்துவிட்டது. நான் லைட்டை இழுத்துக் கொண்டுவந்தேன். அவர் அதை அணைத்துவிட்டார்.

"கையால பாரு."

ஃபில்டர் மேல் இருக்கும், காற்றை வெளியே விடும் பிளீட் ஸ்க்ரூவைத் தடவிக் கண்டுபிடித்து, லேசாகத் தளர்த்தி, கைபம்ப்பை அடித்தேன். விரலில் நுரை நுரையாக வந்தது. "இன்னும் காத்து இருக்கு. அடி." கொஞ்ச நேரத்தில் நுரை நின்று, வழவழவென்று ஒரே கோடாக டீசல் வழிந்தது. இருட்டில் அந்த வித்தியாசம் இவ்வளவு துல்லியமாகத் தெரியும் என்று நான் நினைத்ததே இல்லை. ஸ்க்ரூவை முடுக்கியதும் பதினேழாம் நம்பர் ஸ்பேனர் என் உள்ளங்கையில் வந்து விழுந்தது. அவரும் பார்க்காமல்தான் எடுத்துத் தந்தார். ஈரச்சாக்கின் மேல் சின்னது இடது ஓரம், பெரியது வலது ஓரம் என்று ஸ்பேனர்களை அடுக்கிவைப்பார், வரிசை மாறினால் திட்டு விழும். இன்ஜெக்டர் பைப் நட்டைத் தளர்த்தி, டிரைவரை செல்ஃப் அடிக்கச் சொல்லி, அங்கேயும் காற்றை எடுத்து முடுக்கினதும் எஞ்சின் இருமிக்கொண்டு பிடித்தது.

அப்புறம்தான் விளக்கினார். சண்டை நேரத்தில் ராத்திரி ஒரு தீக்குச்சி கிழித்தாலும் விமானத்திலிருந்து தெரியுமாம். தார்ப்பாயை மேலே போர்த்திக்கொண்டு, துணி சுற்றிய டார்ச்சோடு அடியில் படுத்துதான் வேலை. டார்ச்சும் தீர்ந்துபோனால் விரல்தான்.

இப்போது நான் வேலை பார்க்கும் இடத்தில் ஸ்கேனரைச் செருகினால் கோளாறு எண்ணாக வந்து நிற்கிறது. அதைக் குறைசொல்ல மாட்டேன், வயிற்றுப்பாடே அதில்தான். ஆனாலும் பையன்களிடம் நட்டைத் தொட்டுப் பார்த்தாயா என்று கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

வீட்டு விஷயத்தை அவர் அதிகம் பேசமாட்டார். சாப்பாட்டு நேரத்தில் அவர் மனைவிதான் சொல்வார்கள், நான் அம்மா என்றுதான் கூப்பிடுவேன். மூத்த பெண் பிறந்து, நடக்க ஆரம்பித்த பிறகுதான் இவர் லீவில் வந்தாராம். யாரோ மீசைக்காரன் என்று அது வீறிட்டு அழுது, பக்கத்து வீட்டுக்கு ஓடியிருக்கிறது. மாதாமாதம் மணியார்டர் வரும். பாரத்தின் அடியில் நாலு வரி எழுத இடம் இருக்குமே, அதில் கணவன் மனைவிக்கு என்னத்தை எழுதுவது? அம்மாவுக்குப் படிக்கத் தெரியாது, போஸ்ட்மேன்தான் உரக்கப் படித்துக்காட்டுவார். அதனால் 'நலம். மாட்டுக்குத் தவிடு வாங்கவும்' என்றே வருஷக்கணக்காக எழுதியிருக்கிறார். "மாடு செத்துப்போன பெறகும் தவிடு வாங்கச் சொல்லி வந்துச்சு" என்று அம்மா சிரிப்பார்கள். அவர் தலையைக் குனிந்து ரசம் ஊற்றிக்கொள்வார்.

1978-ல் பென்ஷனோடு வந்தவர் பட்டறையை வைத்தே மூன்று பிள்ளைகளையும் கரையேற்றினார். அம்மாவுக்கு முட்டி போனபோது சமையலறைக்குள் உருட்டிக்கொண்டு போக பேரிங் சக்கரம் வைத்து ஒரு முக்காலி செய்து தந்தார். அம்மா போய்ப் பல வருஷம் ஆகிறது. முக்காலி அங்கேயே இருக்கிறது, அவர் அதன் மேல் செய்தித்தாள் வைக்கிறார்.

வயது எண்பதைத் தாண்டிவிட்டது. ஒவ்வொரு நவம்பரிலும் உயிர்ச்சான்று கொடுக்க வேண்டும், கூட்டிப்போவது நான். கைரேகை மெஷினில் பெருவிரலை வைத்தார், சிவப்பு விளக்கு. துடைத்து வைத்தார், மறுபடி சிவப்பு. ஆள்காட்டி விரல், நடுவிரல், இரண்டு கையும் ஆயிற்று. டீசலும் மண்ணெண்ணெயும் இரும்பும் அறுபது வருஷமாகத் தேய்த்த விரல்கள், ரேகை எங்கே இருக்கும்? எதிரே இருந்த பெண் "தாத்தா, நல்லா அழுத்துங்க" என்று சொல்லிச் சொல்லி ஓய்ந்துவிட்டாள். கடைசியில் இடது கை மோதிர விரலுக்குப் பச்சை எரிந்தது.

அவர் அந்த விரலைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "இவனுக்கு வேலை கம்மி."